ஓடுகிற கணினியை எதற்கு மாற்ற வேண்டும்?

இயந்திரம் ஓட ஓடத் தேயும். மென்பொருளுக்குத் தேய்மானம் கிடையாது. பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிரலை யாரும் தொடாமல் வைத்திருந்தால், அதில் ஒரு புள்ளிகூட இன்றுவரை மாறியிருக்காது. அப்படியிருந்தும், 2025 அக்டோபர் 14 வரை பாதுகாப்பானது எனப்பட்ட விண்டோஸ் 10, மறுநாள் முதல் ஆபத்தானது என்று ஆனது. அந்த இரவில் அந்தக் கணினிகளுக்குள் எதுவும் நடக்கவில்லை. காலையில் பொத்தானை அழுத்தியதும் வழக்கமான திரை வந்தது, பிரிண்டர் அச்சடித்தது, நேற்று பாதியில் விட்ட கோப்பு பாதியிலேயே காத்திருந்தது. பின்னே கெட்டுப்போனது எது?

‘விண்டோஸ் 11-க்கு மாறுங்கள்’ என்ற அறிவிப்பு திரையில் வரும்போதெல்லாம் ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிவிடுகிறவர்களின் மனத்தில் இருப்பது இந்தக் கேள்விதான். நியாயமான கேள்வி. புதிது வந்த அன்றே போட்டுவிடுகிறவர்களிடமும் இதற்கு விடை இல்லை. ஓடுகிறவரை ஓடட்டும் என்பவர்களிடமும் இல்லை. இரு தரப்பாரும் பார்ப்பது கணினியின் உள்ளே இருப்பதை. மாற்றம் நடப்பது வெளியே.

இரண்டு வகை மாற்றங்கள்

கணினியில் வேலை செய்பவர் கண்ணுக்குத் தெரிபவை பிரௌசர், வேர்டு, டாலி போன்ற செயலிகள். அவற்றுக்கும் கணினியின் உடலுக்கும் நடுவே நின்று ஏவல் செய்வது இயங்குதளம். தட்டிய எழுத்தை எந்தச் செயலிக்குக் கொடுப்பது, கோப்பை டிஸ்கில் எங்கே வைப்பது, பிரிண்டருக்கு எப்படி உத்தரவு போடுவது, வலைப்பின்னலில் இருந்து வந்து கதவைத் தட்டும் அந்நியக் கணினிக்குப் பதில் சொல்வதா வேண்டாமா என எல்லாமே அதன் பொறுப்பு. விண்டோஸ் பல கோடி வரி நிரலால் ஆனது. மனிதர்கள் எழுதிய அத்தனை வரிகளில் பிழையே இருக்காது என்று எதிர்பார்க்க முடியாது. பிழைகளில் சில, வெளியாள் உள்ளே நுழையத்தக்க ஓட்டைகள்.

கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைக்க வரும் சிறு திருத்தம் ஒட்டு, அதாவது பேட்ச். மைக்ரோசாஃப்ட் 2003 அக்டோபரில் இருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை இவற்றை வெளியிடுகிறது. இயங்குதளத்தையே அடுத்த பதிப்புக்கு மாற்றுவது மேம்படுத்தல், வழக்கில் அப்கிரேடு. ஒட்டு வந்துபோனது பெரும்பாலும் தெரியாது. அப்கிரேடு வந்தால் பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர்கள், மெனுக்கள், சில நேரம் பழைய செயலிகளின் உயிர் வரை எல்லாம் அசையும். அறிவிப்புப் பெட்டியில் இரண்டும் ஒரே முகத்தோடு வருவதால், அப்கிரேடுக்குப் பயந்து ஒட்டையும் சேர்த்து நிறுத்தி வைத்திருப்பவர்கள் ஏராளம். அது எவ்வளவு பெரிய தவறு என்பதை 2017 காட்டியது.

அடைத்த ஓட்டையே வழிகாட்டும்

ஓர் ஓட்டை யாருக்கும் தெரியாமல் கிடக்கும்வரை அதனால் வரும் ஆபத்து குறைவு. ஒட்டு வெளியான நாளில் நிலைமை மாறுகிறது. ஒட்டுக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால், எந்த இடம் திருத்தப்பட்டது என்பது தெரிந்துவிடும். திருத்தப்பட்ட இடம்தான் ஓட்டை இருந்த இடம். ஊரில் ஒரு குறிப்பிட்ட ரகப் பூட்டை இன்ன மாதிரி நெம்பினால் திறந்துவிடும் என்று தண்டோரா போட்டு, எல்லோருக்கும் புதுப் பூட்டைக் கொடுத்ததுபோல. புதுப் பூட்டை வாங்கி மாட்டியவருக்குக் கவலை இல்லை. மாட்டாதவர் வீட்டை எப்படித் திறப்பது என்பது இப்போது ஊருக்கே தெரியும்.

முதல் கேள்விக்கான விடை இங்கே இருக்கிறது. விண்டோஸ் 10-உம் 11-உம் நிரலின் பெரும்பகுதியைப் பகிர்ந்துகொள்பவை. 11-க்காக மாதம்தோறும் வெளியாகும் ஒட்டுகளில் பல, 10-இலும் உள்ள ஓட்டைகளைக் காட்டிக்கொடுக்கும். மைக்ரோசாஃப்ட் ஒட்டு தரும் ஆதரவுக் காலம் முடிந்த கணினிக்கு அந்த ஒட்டு வராது, தகவல் மட்டும் தாக்குபவர்களுக்குப் போய்ச் சேரும். மென்பொருள் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி வெளியுலகுக்குத் தெரிந்தது மாதாமாதம் கூடுகிறது.

2017 மார்ச் 14 அன்று, கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் பழைய நெறிமுறை ஒன்றில் இருந்த ஓட்டையை அடைத்து மைக்ரோசாஃப்ட் ஒட்டு வெளியிட்டது. ஏப்ரலில், அதே ஓட்டைக்காக அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ உருவாக்கி வைத்திருந்த கருவி இணையத்தில் கசிந்தது. மே 12 வெள்ளிக்கிழமை, அந்தக் கருவியைப் பயன்படுத்தி ‘வான்னாக்ரை’ என்ற கிருமி கிளம்பியது. யாரும் எந்த இணைப்பையும் சொடுக்க வேண்டியதில்லை. ஒரு கணினியில் நுழைந்ததும் அது தானே அடுத்த கணினியைத் தேடிப் போனது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையில் மட்டும் ஏறத்தாழ 19,000 சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று பின்னர் மதிப்பிடப்பட்டது.

அப்போது 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பியின்மீதுதான் எல்லோரும் பழி போட்டார்கள். ஆராய்ந்து பார்த்தபோது வேறு விதமாக இருந்தது. சிக்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அன்றைக்கு அது ஆதரவில் இருந்த பதிப்பு. ஒட்டும் இரண்டு மாதங்களாகக் கையருகே இருந்தது. போடவில்லை, அவ்வளவுதான். பதிப்பின் வயதைவிட, ஒட்டு வருகிறதா, வந்தது போடப்பட்டதா என்பதுதான் தீர்மானிக்கிறது. ஆதரவுக் காலம் முடிந்த பதிப்பில் இருப்பவருக்கு அந்த இரண்டாவது கேள்வியே இல்லாமல் போய்விடுகிறது.

‘என் கணினியில் திருட என்ன இருக்கிறது?’ என்ற வாதமும் இங்கே நிற்காது. வான்னாக்ரை யாரையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை.

அப்டேட்டே கெடுத்த கதை

மறுபக்கத்துக்கும் நியாயம் உண்டு. 2018 அக்டோபர் 2 அன்று விண்டோஸ் 10-இன் அரையாண்டுப் பதிப்பு ஒன்று வெளியானது. சில நாள்களிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தி வைத்தது. காரணம், அதைப் போட்ட சிலரின் கோப்புகள் காணாமல் போயின.

நடந்தது இதுதான். ‘டாக்குமெண்ட்ஸ்’ போன்ற கோப்புறைகளைச் சி டிரைவில் இருந்து டி டிரைவுக்கு மாற்றும் வசதி விண்டோஸில் உண்டு. அப்படி மாற்றும்போது உள்ளே இருப்பவற்றையும் நகர்த்தச் சொல்லாவிட்டால், பழைய கோப்புறையும் அதிலிருந்த கோப்புகளும் பழைய இடத்திலேயே கிடக்கும். இப்படி ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் தெரிவது குழப்பமாக இருக்கிறது என்று புகார் வந்திருந்ததால், புதிய பதிப்பு பழையதை நீக்கிச் சுத்தம் செய்தது. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவில்லை. முன்னோட்டப் பதிப்பைச் சோதித்தவர்களில் சிலர் இதைச் சொல்லியும் இருந்தார்கள். பலரும் வழிமொழியாததால் அந்தப் புகார்கள் குவியலில் அமிழ்ந்துபோயின. பாதிக்கப்பட்டதாகத் தெரிவித்தவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர் அளவே என்றது நிறுவனம். அந்த ஒருவருக்கு அது ஆறுதல் ஆகாது. திருத்திய பதிப்பு நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் வந்தது.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த முதல் சில நாள்களில் அப்டேட் தானாக யாருக்கும் போகவில்லை. அமைப்புகளுக்குள் போய் ‘அப்டேட் இருக்கிறதா பார்’ என்ற பொத்தானைத் தாமே அழுத்தியவர்களுக்கு மட்டும் கிடைத்தது. ஆர்வம் மிகுந்தவர்கள்தாம் அடிபட்டார்கள். நவம்பர் நடுவில் போட்டவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2016-இல் விண்டோஸ் 7, 8.1 பயனர்களை 10-க்கு இழுக்க மைக்ரோசாஃப்ட் காட்டிய பெட்டியில், மே மாதம் முதல் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும் குறித்த நேரத்தில் அப்கிரேடு தொடங்கிவிடும் என்று ஆனது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, மறுப்பதற்குத் தெளிவான வழி வைத்தார்கள். அறிவிப்புப் பெட்டி என்றாலே பலருக்கு இன்றும் சந்தேகம் வருவதற்கு நிறுவனமே ஒரு காரணம்.

எதிரெதிர்த் திசையில் இரண்டு ஆபத்துகள்

மேலே கண்ட இரண்டு கதைகளையும் சேர்த்து வைத்தால் முடிவெடுக்கும் முறை புலப்படும். மாறுவதால் வரும் ஆபத்து, புதுப் பதிப்பு வெளியான அன்று உச்சத்தில் இருக்கிறது. பிறகு லட்சக்கணக்கானவர்கள் போட்டுப் பார்த்து, பிழைகள் வெளிப்பட்டு, திருத்தங்கள் வரவர அது இறங்குகிறது. குறிப்பிட்ட டிரைவரோடோ செயலியோடோ ஒத்துப்போகாதது தெரிந்தால், அப்படிப்பட்ட கணினிகளுக்கு மட்டும் அப்கிரேடை மைக்ரோசாஃப்ட் நிறுத்தி வைப்பதும் உண்டு. மாறாமல் இருப்பதால் வரும் ஆபத்து, ஆதரவு உள்ளவரை தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஆதரவு முடிந்த நாளில் இருந்து ஏறத் தொடங்குகிறது.

ஆகவே ‘மாறலாமா வேண்டாமா’ என்ற கேள்வியைவிட ‘எப்போது’ என்ற கேள்விதான் உதவும். விண்டோஸ் 11 வெளியானது 2021 அக்டோபர் 5 அன்று. 10-இன் ஆதரவு 2025 அக்டோபர் 14 வரை இருந்தது. 2021-இல் தள்ளிப்போட்டவர் புத்திசாலி. 2024-இல் மாறியவரும் புத்திசாலிதான். கெடு முடிந்த பிறகும் அதே ‘பிறகு பார்க்கலாம்’ பொத்தானை அழுத்துகிறவர் வேறு கணக்குக்குள் வந்துவிடுகிறார்.

அவருக்கும் கொஞ்சம் அவகாசம் உண்டு. நீட்டித்த பாதுகாப்பு ஒட்டுத் திட்டத்தில் சேர்ந்தால், வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஒட்டுகள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கட்டணம் 30 டாலர்; கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் கட்டணம் இல்லை. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். புதிய வசதிகளோ தொழில்நுட்ப உதவியோ இதில் வராது, ஒட்டு மட்டுமே.

எந்தக் கணினி தகுதி பெறும்?

விண்டோஸ் 11 கேட்பவற்றில் 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவை சாதாரணம். இடறுவது மூன்று இடங்களில். இன்டெல் என்றால் பெரும்பாலும் 2017-இல் வந்த எட்டாம் தலைமுறைப் பிராசசரோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். கணினி கிளம்பும்போது வேற்று நிரல் முந்திக்கொண்டு ஏறாமல் தடுக்கும் ‘செக்யூர் பூட்’ வசதி வேண்டும். டிபிஎம் 2.0 வேண்டும், ரகசியச் சாவிகளை டிஸ்கில் வைக்காமல் தனியே காக்கும் பாதுகாப்புப் பெட்டகம் அது. பல கணினிகளில் இது தனிச் சில்லாக இல்லாமல் பிராசசருக்குள்ளேயே இருக்கும். இன்டெல் இதை பிடிடி என்கிறது. இருந்தும், கணினி கிளம்பும்போது விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் அமைப்பில் அணைக்கப்பட்டிருந்தால் ‘இந்தக் கணினி தகுதியற்றது’ என்ற செய்தி வரும். அதைப் படித்துவிட்டு நல்ல கணினியை எடைக்குப் போட நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலி எந்த நிபந்தனையில் இடறுகிறது என்பதைத் தனித்தனியே காட்டும். கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது.

ஒரு டிடிபி கடையின் கணினி

ஒரு சிற்றூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ், டிடிபி கடையை எடுத்துக்கொள்ளலாம். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீசு, ஆன்லைன் விண்ணப்பம், பட்டா நகல் என வேலை நடக்கிறது. 2019-இல் வாங்கிய கணினி: எட்டாம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி நினைவகம், 1 டிபி ஹார்டு டிஸ்க். பழைய பிரிண்டருக்கும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்புச் செயலிக்கும் ஒத்துவரும் என்று, கடைக்கு விற்றவர் 32 பிட் விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்திருக்கிறார். இப்படியான கணினிகள் ஊருக்கு ஊர் உண்டு.

ஹெல்த் செக் ‘தகுதி இல்லை’ என்கிறது. உள்ளே பார்த்தால் பிராசசர் தேறுகிறது. டிபிஎம் அணைந்திருக்கிறது, பயாஸில் பிடிடியை இயக்கினால் போதும். டிஸ்க் பழைய முறையில் பிரிக்கப்பட்டிருப்பதால் செக்யூர் பூட் வேலை செய்யாது. இவை தீர்க்கக்கூடியவை. பெரிய முடிச்சு 32 பிட். விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே இல்லை. 32-இல் இருந்து 64-க்கு இருந்த இடத்திலேயே அப்கிரேடு செய்யவும் வழியில்லை. புதிதாகத்தான் நிறுவ வேண்டும். செயலிகள் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும்.

அடுத்து, கடையின் வயிற்றுப்பாடு எதை நம்பியிருக்கிறது என்ற பட்டியல். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அதன் பிறகு அடோபி அதைக் கைவிட்டு இன்டிசைனுக்குப் போய்விட்டது. இதுபோன்ற 32 பிட் செயலிகள் 64 பிட் விண்டோஸில் ஓட வாய்ப்பு உண்டு. ஓடும் என்று உறுதி தர இன்று யாரும் இல்லை. 16 பிட் செயலிகள் நிச்சயம் ஓடாது. 32 பிட் டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. எனவே பிரிண்டர், ஸ்கேனர் இரண்டுக்கும் 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ட்ரூடைப் கோப்புகள் என்பதால் 11-இலும் வேலை செய்யும். ஆனால் அவை இருப்பது விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘ஃபாண்ட்ஸ்’ என்ற இடத்தில். டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் நகலெடுக்கிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள். பிறகு இருபது வருடப் பத்திரிகைக் கோப்புகளைத் திறந்தால் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும்.

இந்தக் கடைக்குச் செலவு குறைந்த, பின்வாங்கத் தோதான வழி ஒன்று இருக்கிறது. பழைய ஹார்டு டிஸ்கில் கை வைக்காமல் அதன் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். புதிதாக ஓர் எஸ்எஸ்டி வாங்கி, அதில் 64 பிட் விண்டோஸ் 11 நிறுவ வேண்டும். நினைவகத்தை 8 ஜிபி ஆக்க வேண்டும். 4 ஜிபியில் 11 ஓடும் என்பது காகிதத்தில் மட்டும். விண்டோஸ் 10-இன் உரிமமே 11-க்கும் செல்லும், எனவே அதற்குத் தனிச் செலவில்லை. வாடிக்கையாளர் கூட்டம் இல்லாத ஒரு மாலையில் பத்திரிகைக் கோப்பு ஒன்றைத் திறந்து, திருத்தி, அச்செடுத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் சரியென்றால் பழைய டிஸ்க் சேமிப்புப் பிரதியாக மேசை இழுப்பறைக்குப் போகும். பேஜ்மேக்கர் மக்கர் செய்தால், பயாஸ் அமைப்பைப் பழையபடி வைத்து அந்த டிஸ்கை மாட்டினால் கடை மறுநாள் காலை வழக்கம்போல் திறக்கும்.

பேஜ்மேக்கர் புதியதில் ஓடவே ஓடாது என்று தெரிந்துவிட்டால்? அதற்காக முழுக் கடையையும் பழையதில் வைத்திருக்கத் தேவையில்லை. பழைய டிஸ்கை வேறொரு பழைய கணினியில் மாட்டி, இணையத்தோடு இணைக்காமல், பக்க வடிவமைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் ஆதாரும் வங்கிக் கடவுச்சொல்லும் புழங்கும் ஆன்லைன் வேலை விண்டோஸ் 11 கணினியில் மட்டும் நடக்க வேண்டும். வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவை அந்தப் பழைய கணினியில் நேரே செருகக் கூடாது. இணையம் இல்லாத இடத்துக்கும் கிருமி போய்ச் சேரும் வழி அதுதான்.

தகுதியே இல்லாத கணினிகள்

தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், 2017-க்கு முன் வந்தவை விண்டோஸ் 11-இன் பிராசசர் நிபந்தனையைத் தாண்டா. சோதனையை ஏமாற்றி 11-ஐ நிறுவும் குறுக்குவழிகள் உண்டு. அப்படி நிறுவிய கணினிக்கு அப்டேட் வரும் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. ஒட்டுக்காகத்தான் மாறுகிறோம் என்னும்போது, ஒட்டு வருமா என்று தெரியாத இடத்துக்கு மாறுவதில் அர்த்தமில்லை. பிரௌசர், யூடியூப், கடிதம் தட்டச்சு இவ்வளவுதான் தேவை என்றால் லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற வேறு இயங்குதளங்கள் இந்தக் கணினிகளில் இன்னும் சில ஆண்டுகள் நன்றாக ஓடும். அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பொத்தானை அழுத்துவதற்கு முன்

தகுதியுள்ள கணினியில் 64 பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு வேலை எளிது. இருந்த இடத்திலேயே மாறலாம். கோப்புகளும் செயலிகளும் அப்படியே இருக்கும். பிடிக்காவிட்டால் 10 நாள்களுக்குள் அமைப்புகளில் ‘ரிகவரி’ பகுதிக்குப் போய்ப் பழைய பதிப்புக்குத் திரும்பலாம். பழைய இயங்குதளம் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற கோப்புறையில் அதுவரை காத்திருக்கும். இடம் போதவில்லை என்று அதை முன்னதாகவே அழித்தவருக்கு அந்த வழி அடைந்துவிடும். அதனால் அந்தப் பத்து நாள்களில், மாதக் கடைசியில் மட்டும் செய்யும் ஜிஎஸ்டி வேலை, எப்போதாவது எடுக்கும் ஸ்கேன் என அரிதான வேலைகளையும் ஒருமுறை செய்து பார்த்துவிடுவது நல்லது.

அதற்கும் முன்னால் இரண்டு காரியங்கள். கோப்புகளின் நகல் ஒன்று, கணினியோடு இணைந்திராத வெளி டிஸ்கில் இருக்க வேண்டும். 2018-இல் கோப்புகளை இழந்தவர்களில் இப்படி நகல் வைத்திருந்தவருக்கு அது ஒரு மாலை வேலையோடு முடிந்திருக்கும். அடுத்தது டிஸ்க் மறையாக்கம், வழக்கில் என்கிரிப்ஷன். 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு புதிதாக நிறுவும்போது டிஸ்க் மறையாக்கம் பெரும்பாலான கணினிகளில் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. பிறகு பயாஸில் எதையாவது மாற்றினால், 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக் கணினி நின்றுவிடலாம். அந்தச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கைக் கணினி விற்ற கடைக்காரர் தம் பெயரில் திறந்து கொடுத்திருந்தால், சாவியும் அவரிடம்தான் இருக்கும். எனவே கணக்கை உரிமையாளர் தம் சொந்த மின்னஞ்சலில் திறந்து, சாவியைக் காகிதத்தில் எழுதி, கணினி வாங்கிய பில்லோடு வைத்துவிட வேண்டும்.

விண்டோஸ் 11-க்கு மாறியதோடு இந்தக் கணக்கு முடிந்துவிடுவதும் இல்லை. அதன் ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் வீட்டுக் கணினிகளில் 24 மாதம்தான் ஆயுள். 2021-இல் வந்த முதல் பதிப்பு 2023 அக்டோபரிலேயே ஆதரவை இழந்தது. ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த அறிவிப்பு திரையில் வந்தே தீரும். வந்த முதல் வாரத்தில் அழுத்த வேண்டாம். கெடுத் தேதி தாண்டும்வரை விடவும் வேண்டாம்.